கிரீடம் கழன்ற கதை!

கமர்கட் கடிக்கிற வயசு எனக்கில்லைதான். ஆனால், பக்கத்து சீட்காரர் ஊரிலிருந்து ஆசையாக வாங்கி வந்து நீட்டும்போது, வேண்டாமென்று சொல்ல மனசு வரவில்லை. ‘கடக்!’ கமர்கட்டோடு ஒட்டிக்கொண்டு வெளியே வந்தது என் கடைவாய்ப்பல்லின் கேப். டாக்டர் பாஷையில் ‘கிரவுன்’. அதாவது, கிரீடம்!

செக்ஷனே டாக்டராகி விட்டது. “சூப்பர் க்ளூ வெச்சு ஒட்டுங்க சார், ஜென்மத்துக்கும் வராது!” என்றார் ஒருவர். நல்லவேளை, அன்று ஸ்டேஷனரியில் க்ளூ ஸ்டாக் இல்லை. அது ஈறைப் புண்ணாக்கிவிடும் என்பது பிறகுதான் தெரிந்தது. கேப்பைக் கழுவி, சின்ன டப்பாவில் போட்டு, மறுநாள் காலை பல் டாக்டரிடம் ஓடினேன்.

திருப்பித் திருப்பிப் பார்த்தார். “கேப்புக்கு ஒண்ணுமில்லை சார். உள்ளே இருக்கிற பல்லுதான் சொத்தை!”

“கொஞ்சம்கூட வலிக்கலையே டாக்டர்?”

“எப்படி வலிக்கும்? ரூட் கெனால் பண்ணும்போதே நரம்பை எடுத்தாச்சே!”

அப்போதுதான் உறைத்தது. கேப் போட்டு 3 வருஷம். ‘பீங்கான் எங்கே சொத்தையாகப் போகிறது’ என்ற தைரியத்தில், அந்தப் பக்கம் பிரஷ்ஷை ஒப்புக்குத்தான் காட்டிக்கொண்டிருந்தேன். பீங்கான் சொத்தையாகாது, வாஸ்தவம். ஆனால், கேப்பின் விளிம்பு ஈறைத் தொடுகிற இடத்தில் இருப்பது சொந்தப் பல்லாயிற்றே! அங்கே அழுக்கு படிந்தால், கிருமி உள்ளே நுழைந்துவிடுகிறது.

“கதவு பளபளன்னு இருந்து என்ன சார்... நிலையிலே கரையான் ஏறிட்டா?” என்றார் டாக்டர். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால், பல்லைப் பிடுங்க வேண்டியதுதானாம். சொத்தையைச் சுரண்டி, அடைத்து, புதுசாக ஒரு கேப். மறுபடி முழுச் செலவு!

கேப் போட்டவர்களே, கொஞ்சம் கேளுங்கள். தினம் 2 வேளை, 2 நிமிஷம், மெத்தென்ற பிரஷ்ஷால் ஈறோரம் தேயுங்கள். பல்லிடுக்கில் ஃப்ளாஸ் நூல் விடுங்கள். தற்காலிக கேப் என்றால், நூலை வெடுக்கென்று இழுக்காமல் பக்கவாட்டில் உருவுங்கள். ஜவ்வு மிட்டாயைப் பார்த்தால் ஒரு கும்பிடு போட்டுவிட்டு நகருங்கள். ஐஸ் கட்டி கடிப்பது, சோடா மூடி திறப்பது, மீட்டிங்கில் பேனா மூடியை மெல்வது... எதுவும் ஆகாது. தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிக்கிறவரா? டாக்டரிடம் நைட் கார்டு கேளுங்கள். வலி இல்லாவிட்டாலும், 6 மாசத்துக்கு ஒரு தடவை பல்லைக் காட்டிவிட்டு வாருங்கள். வலிக்கட்டும் என்று காத்திருந்தால், ரூட் கெனால் பண்ணின பல் வலிக்காமலே ஏமாற்றிவிடலாம்!

இப்போதெல்லாம் ராத்திரி கண்ணாடி முன் நூலும் கையுமாக நிற்கிறேன். “என்ன, பூ கட்டறீங்களா?” என்கிறாள் என் மனைவி.

வாயில் நூல் இருப்பதால் பதில் சொல்ல முடிவதில்லை. அதுவும் ஒரு லாபம்தான்!