நேர் வடக்கே

குமரிமுனையில் நின்று வடக்கு நோக்கி நேர்கோடு ஒன்று இழுத்துப் பாருங்கள். அது தில்லிக்கு அருகே சென்று, இமயத்தைத் தாண்டி, தியான்ஷான் மலைகளையும் கடந்து, கிர்கிஸ்தான் நாட்டின் இசிக்-குல் ஏரியில் போய் விழும். ‘வெதுவெதுப்பான ஏரி’ என்பது அப்பெயரின் பொருள். கடல்மட்டத்திலிருந்து 1,600 மீட்டர் உயரத்தில், சுற்றிலும் பனிமலைகள் சூழ்ந்திருப்பினும், ஆழத்தினாலும் சிறிதளவு உப்பினாலும் அந்நீர் குளிர்காலத்தில் உறைவதில்லை. ஏரிக்கு மேற்கே உள்ளது தலைநகர் பிஷ்கேக். நாகர்கோவிலிலிருந்து தில்லி செல்லும் வான்வழித் தொலைவைவிட, தில்லியிலிருந்து அந்நகர் செல்லும் தொலைவு குறைவே.

இன்று நம் மாவட்டத்து வீடுகள் சிலவற்றில் அந்நகரின் பெயர் நாள்தோறும் ஒலிக்கின்றது. மருத்துவம் பயிலத் தமிழ்நாட்டிலிருந்து ஆண்டுதோறும் மாணவ மாணவியர் அங்குச் செல்கின்றனர். 2024-ஆம் ஆண்டில் அந்நாட்டில் பயின்ற இந்திய மாணவர் மட்டும் 14,000-க்கும் மேற்பட்டோர். ஆசாரிப்பள்ளத்தில் 2001 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருப்பினும் இடங்களோ சில. தனியார் கல்லூரிக் கட்டணமோ நடுத்தரக் குடும்பத்துக்கு எட்டாத உயரம். எனவே நிலத்தை ஈடு வைத்தேனும் பிள்ளையை விமானம் ஏற்றிவிடுகின்றனர் பெற்றோர்.

தோவாளைப் பக்கத்தில் எம் உறவினர் மகள் ஒருத்தி அங்கு நான்காம் ஆண்டு பயில்கிறாள். வாரந்தோறும் கைபேசி வழியாகத் தாய்க்கு நீண்ட மடல் எழுதுவாள். அவற்றுள் சிலவற்றை யாமும் படித்தோம். முதல் பனிப்பொழிவைக் கண்டு குதித்தவள், மூன்றாம் வாரத்தில், “மார்கழிப் பனியைப் பனி என்று சொன்னோமே, அம்மா!” என்று எழுதியிருந்தாள். சனவரி இரவுகளில் வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே பதினைந்து பாகைக்கும் இறங்குவதுண்டு. அனல்மின் நிலையத்திலிருந்து சுடுநீர் குழாய்கள் வழியே வந்து குடியிருப்பு அறைகளைச் சூடாக்குகின்றது. ஆயினும் நகர்ப்புற வீடுகள் எரிக்கும் நிலக்கரியின் புகை பனிமூட்டத்தோடு கலந்து வானையே மறைத்துவிடுமாம். டிசம்பர் 25 அங்கு வேலை நாள். ஆர்த்தடாக்ஸ் மரபினரின் கிறிஸ்து பிறப்பு விழாவாகிய சனவரி 7-தான் அரசு விடுமுறை. அந்நாளில் விடுதி அறையில் நான்கு தமிழ்ப் பெண்கள் கூடித் தீயல் வைத்தார்களாம். தேங்காய் கிடைக்காமையால் அது தீயல்தானா என்பது தாயின் ஐயம்.

அந்நாட்டு மக்களைப் பற்றி அவள் அன்போடே எழுதுகிறாள். இது எமக்கு வியப்பன்று. கிர்கிஸ் எழுத்தாளர் சிங்கிஸ் ஐத்மாத்தவின் ‘ஜமீலா’ சோவியத் பதிப்பாகத் தமிழில் வந்து, நம்மூர் நூலகங்களில் கை மாறிய நாள்களை மூத்த வாசகர் மறந்திரார்.

ஆனால் 2024 மே 18-ஆம் நாள் மடலில் அவள் எழுதியது உருளைக்கிழங்குப் பொரியலைப் பற்றி மட்டுமே. அதற்கு முந்தைய இரவில்தான், உள்ளூர் இளைஞர்க்கும் வெளிநாட்டு மாணவர்க்கும் இடையே நிகழ்ந்த சண்டையின் காட்சி பரவியதால் வெகுண்ட கும்பல், வெளிநாட்டு மாணவர் விடுதிகளைத் தாக்கியது. வெளியே வரவேண்டா என இந்தியத் தூதரகம் எச்சரித்தது. விளக்கை அணைத்துவிட்டுக் கட்டிலுக்கும் சுவருக்கும் இடையே அமர்ந்திருந்த அந்த இரவைப் பற்றி இரு மாதம் கழித்து விடுமுறைக்கு வந்தபோதுதான் சொன்னாள். “ஏன் மக்கா மறைச்சே?” என்ற தாயிடம், “நிலத்தை ஈடு வைச்சது எனக்குத் தெரியாதாம்மா?” என்றாளாம். இவ்விடையைக் கேட்ட தந்தை எழுந்து வெளியே போய்விட்டார்.

புறப்பட எண்ணுவோர் ஒரு கணக்கைப் பார்த்தல் நலம். 2021 நவம்பரில் தேசிய மருத்துவ ஆணையம் வெளியிட்ட விதிகளின்படி, வெளிநாட்டுப் படிப்பு 54 மாதங்களுக்குக் குறையலாகாது. அதன்பின் அங்கேயே 12 மாதப் பயிற்சி. ஆக ஐந்தரை ஆண்டு. படிப்பு ஆங்கில வழியில் அமைதல் வேண்டும். அந்நாட்டிலேயே மருத்துவத் தொழில் செய்யும் உரிமமும் பெறத்தக்கதாய் இருத்தல் வேண்டும். திரும்பிய பின்னரும் தேர்வும் ஓராண்டுப் பயிற்சியும் உண்டு. “ஐந்தே ஆண்டில் டாக்டர்” என்று விளம்பரத்தாளை நீட்டும் முகவரிடம் இக்கணக்கைக் கேளுங்கள். அத்தேர்வில் 300-க்கு 150 பெற வேண்டும். 2024 ஜூன் தேர்வில் வென்றோர் ஏறக்குறைய ஐந்தில் ஒருவரே. தோற்றவர் மீண்டும் மீண்டும் எழுதலாம், வட்டியோ காத்திராது. எம் உறவினர் இவ்விதிகளை அறிந்தது மகள் சென்ற பின்னரே.

அவள் திரும்பிச் சென்ற அன்று யாமும் அவ்வீட்டில் இருந்தோம். ஏத்தங்காய் உப்பேரி, இடிசம்மந்தி, கருப்பட்டி, நார்த்தங்காய் ஊறுகாய் என்று தாய் பெட்டியை நிரப்பினார். எடை மூன்று கிலோ கூடிவிட்டது. மகள் குனிந்து, கம்பளிச் சட்டையை எடுத்து வெளியே வைத்தாள். அது அங்கேயே கிடைக்குமாம்.