தேர்தல் கண்காணிப்பும் விளைவிப்போர் நலனும்

மழை பொய்ப்பதும் சரக்கு விலை சரிவதும் விளைவிப்போரும் நெய்வோரும் நன்கறிந்த இடர்கள். அவற்றைப் போன்றே தொழிலைத் தாக்கும் மற்றோர் இடரும் உண்டு. தேர்தல் முடிவை ஒரு சாரார் ஏற்க மறுக்குமிடத்து நாட்டில் எழும் குழப்பமே அது. இதனை அரசியல் இடர் என்பர். தேர்தலைக் கண்காணித்துத் திரட்டப்படும் செய்திகள் இவ்விடரைத் தாங்குவதற்கு எங்ஙனம் துணைபுரியும் என்பதைக் கிழக்கு ஆப்பிரிக்காவிலுள்ள கென்யா நாட்டின் அனுபவத்தைக் கொண்டு ஈண்டு விளக்க முற்படுகிறோம். அங்கு அடிபட்டவர்களுள் பலர் நம்மைப் போன்று நிலத்தையும் கைவேலையையும் நம்பி வாழ்பவர்கள். ஆகவே அவர்தம் பாடம் நமக்கும் பயன்படும்.

2007ஆம் ஆண்டுத் தேர்தல்

2007 டிசம்பர் 27ஆம் நாள் கென்யாவில் பொதுத் தேர்தல் நடைபெற்றது. முடிவுகள் தலைநகராகிய நைரோபிக்கு வந்து சேர்வதில் தாமதம் ஏற்பட்டது, ஐயங்கள் பெருகின. 30ஆம் நாள் முவாய் கிபாக்கி வெற்றி பெற்றதாக அறிவிக்கப்பட்டு, அன்று மாலையே அவர் பதவிப் பிரமாணமும் செய்துகொண்டார். எதிர்த்துப் போட்டியிட்ட ரைலா ஒடிங்காவின் கட்சியினர் முடிவை ஏற்கவில்லை. நீதிமன்றத்தை நாடவும் அவர்கள் விரும்பவில்லை. கலவரம் மூண்டது. ஆயிரத்து நூறு பேருக்கு மேல் மாண்டனர். இலட்சக்கணக்கானோர் வீடு வாசல் இழந்தனர். கோபி அன்னான் அவர்களின் முயற்சியால் 2008 பிப்ரவரி 28ஆம் நாள் உடன்படிக்கை ஏற்பட்டது. பின்னர் ஆராய்ந்த கிரீக்ளர் விசாரணைக் குழு, உண்மையில் வென்றவர் யாரென்று நிர்ணயிக்கவே இயலாத அளவுக்குக் கணக்குகள் பழுதுபட்டிருந்தன என்று கூறிற்று.

கென்யாவின் ரோஜாத் தோட்டங்கள் ஐரோப்பியச் சந்தைக்கு மலர் அனுப்புபவை. பிப்ரவரி 14ஆம் நாளுக்கு முந்திய வாரங்களே அவற்றிற்கு உச்சப் பருவம். அப்பருவத்தின் வாயிலில், ஜனவரி இறுதியில், தோட்டங்கள் நிறைந்த நைவாஷா ஏரிப் பகுதிக்குக் கலவரம் பரவியது. நூலையும் துணியையும் கிடங்கில் சில மாதம் வைத்திருக்கலாம். பறித்த மலரை வைத்திருத்தல் இயலாது.

க்ஸோல், மாக்கியவெல்லோ, மொர்ஜாரியா என்னும் பொருளியலறிஞர் மூவர் இத்தோட்டங்களின் நிலையை ஆராய்ந்தனர். கலவரம் நிகழ்ந்த பகுதிகளில் ஏற்றுமதி சராசரியாக 38 சதவீதம் குறைந்தது என்று கண்டனர். சாலை மறியலைக் காட்டிலும் தொழிலாளர் வாராமையே இதற்கு முதற்காரணமாம். ஏறக்குறையப் பாதித் தொழிலாளர் அச்சத்தால் வேலைக்கு வரவில்லை. பெரிய தோட்டங்களும், வாங்குவோருடன் நிலையான ஒப்பந்தம் உடையவையும் குறைவாகவே நஷ்டப்பட்டன. தம் தொழிலாளரைத் தக்கவைத்துக்கொள்ள அவை மிக்க முயற்சி எடுத்தன.

தொலைவில் இருப்போரும் தப்பவில்லை. உகாண்டா நாட்டிற்கு வேண்டிய எண்ணெய் பெரும்பாலும் கென்யாவின் மொம்பாசாத் துறைமுகத்தின் வழியாகச் செல்வது. வழி தடைப்படவே, தேர்தலே நடவாத உகாண்டாவிலும் பெட்ரோல் பஞ்சம் ஏற்பட்டது.

கண்காணிப்பு என்பது யாது?

தேர்தல் கண்காணிப்பாவது வாக்குப்பதிவு நாளன்று சாவடியில் நின்று பார்ப்பது மட்டுமன்று. வாக்காளர் பட்டியல் செம்மையாக உள்ளதா, மேடைப் பேச்சிலும் வானொலியிலும் பகைமை வளர்க்கப்படுகிறதா, எந்த வட்டாரத்தில் மக்கள் மிரட்டப்படுகின்றனர் என்பனவற்றைப் பல மாதங்களுக்கு முன்னரே குறித்து வருதலும் அதன்பாற்படும். 2008 ஜனவரியில் கென்யர் சிலர் ‘உஷாஹிடி’ என்னும் அமைப்பைத் தொடங்கினர். சுவாஹிலி மொழியில் அச்சொல்லுக்குச் சாட்சியம் என்பது பொருள். கலவரம் பற்றிப் பொதுமக்கள் அனுப்பிய செய்திகளை அவர்கள் உடனுக்குடன் தேசப்படத்தில் குறித்துக் காட்டினர்.

எண்ணிக்கையைச் சரிபார்க்கவும் ஒரு முறை உண்டு. சங்கக் கிடங்கைத் தணிக்கை செய்யுங்கால் நாம் எல்லாச் சிப்பங்களையும் பிரித்துப் பார்ப்பதில்லை. பாகுபாடின்றிச் சிலவற்றை எடுத்துப் பிரித்து, இருப்புப் புத்தகத்தோடு ஒப்பிடுகிறோம். அதுபோலவே 2013ஆம் ஆண்டுத் தேர்தலில் உள்நாட்டுப் பார்வையாளர் குழுவினர், தெரிந்தெடுத்த வாக்குச்சாவடிகளின் எண்ணிக்கையைக் கொண்டு நாட்டின் முடிவை மதிப்பிட்டனர். அதிகார பூர்வமான முடிவு அம்மதிப்பீட்டிற்கு இணங்கியிருந்தது. எனினும், உஹுரு கென்யாட்டா பெற்றதாக அறிவிக்கப்பட்டது 50.07 சதவீதம். பாதிக்கு மேல் பெற்றால்தான் முதற்சுற்றிலேயே வெற்றி. மாதிரிக் கணக்கு பெருந்தவற்றைக் காட்டிக் கொடுக்கும். இத்துணை நுண்ணிய இடைவெளியைத் தீர்மானிக்க அதனால் ஆகாது.

பார்வையாளரின் சொல்லே முடிந்த முடிவு என்று கொள்ளுதலும் தவறு. 2017 ஆகஸ்டுத் தேர்தலைப் பற்றி வெளிநாட்டுப் பார்வையாளர் பலர் முதலில் நல்லுரையே வழங்கினர். ஆயினும் செப்டம்பர் 1ஆம் நாள் கென்ய உச்ச நீதிமன்றம் அக்குடியரசுத் தலைவர் தேர்தலைச் செல்லாதென்று தீர்ப்பளித்தது.

நாட்கணக்கின் பயன்

கென்யாவின் 2010ஆம் ஆண்டு அரசியல் சட்டம் காலவரையறை வகுத்துள்ளது. வாக்குப்பதிவிலிருந்து ஏழு நாட்களுக்குள் முடிவை அறிவித்தல் வேண்டும். அறிவிப்பிலிருந்து ஏழு நாட்களுக்குள் வழக்கிடலாம். வழக்குத் தொடுத்த பதினான்கு நாட்களுக்குள் தீர்ப்பு வரவேண்டும். தேர்தல் செல்லாதெனின் அறுபது நாட்களுக்குள் மறுதேர்தல். ஆகவே ஐயத்திற்குரிய காலம் ஏறக்குறைய நான்கு வாரம் என்று தொழில் செய்வோர் முன்கூட்டியே கணக்கிடலாம். மறுதேர்தல் வரின் மேலும் இரண்டு மாதம் கூட்டிக்கொள்ளலாம். அதற்கேற்ப விதை, உரம், எண்ணெய் ஆகியவற்றைச் சேமிக்கலாம். ஒப்பந்தத் தவணைகளையும் மாற்றியமைக்கலாம்.

2022 ஆகஸ்டுத் தேர்தலில் மற்றொரு நன்மை விளைந்தது. நாற்பத்தாறாயிரத்துக்கு மேற்பட்ட வாக்குச்சாவடிகளின் முடிவுப் படிவங்களைத் தேர்தல் ஆணையம் யாவரும் பார்க்கும்படி இணையத்தில் வெளியிட்டது. வில்லியம் ரூட்டோவின் வெற்றியை ஆணையர் எழுவருள் நால்வர் ஏற்க மறுத்தனர். எனினும் படிவங்கள் யாவர் கண்முன்னும் இருந்தன. வழக்கு நீதிமன்றத்திற்குச் சென்றது. செப்டம்பர் 5ஆம் நாள் ஒருமனதான தீர்ப்பும் கிடைத்தது. 2008ஆம் ஆண்டின் கொடுமை மீளவில்லை.

நாம் கொள்ளத்தக்கவை

யார் வெல்வார் என்று அறிந்து அவர் தயவை நாடுதல் இவ்வாராய்ச்சியின் நோக்கமன்று. அத்தகைய தயவு அடுத்த தேர்தலில் பகையாக மாறக்கூடும். எப்போது, எவ்விடத்தில், எத்துணைக் காலம் இடையூறு நேரலாம் என்று அறிதலே பயன். சந்தைக்கும் மூலப்பொருளுக்கும் பிற நாட்டை நம்பியிருக்கும் எச்சங்கமும் மூன்று செய்திகளைக் குறித்து வைத்தல் நலம். அந்நாட்டின் தேர்தல் நாளும் வழக்குத் தவணைகளும் யாவை? சரக்கு செல்லும் வழி முன்பு கலவரம் கண்ட பகுதியின் ஊடே செல்கிறதா? முடிவுகள் சாவடி வாரியாக வெளியிடப்படுகின்றனவா?

இவற்றினும் முதன்மையானது தொழிலாளர் நலம். நைவாஷாத் தோட்டங்களில் குறைந்தது வேலை செய்யும் கைகளே என்பதை நாம் மறத்தலாகாது. அச்சமுற்ற நாளில் அடைக்கலமும் தடையற்ற கூலியும் கிடைக்கும் என்று நம்புகிற தொழிலாளியே விரைவில் வேலைக்குத் திரும்புவான். அந்நம்பிக்கையைக் குழப்பம் வந்த பின் விலை கொடுத்து வாங்க இயலாது. அமைதிக் காலத்திலேயே அதனை வளர்த்துக்கொள்ளுதல் நமது கடமையாகும்.