பத்தாம் நாளில் நிறுத்திய குளிசை

வீட்டில் ஒருவர் வாரக்கணக்காகச் சரியாக உண்பதில்லை, உறங்குவதில்லை. பிள்ளைகளின் முகம் கண்டும் சிரிப்பதில்லை. இதனை ஈமானின் பலவீனம் என்று தீர்ப்புக் கூற நம்மில் பலர் தயங்குவதில்லை. நானும் ஒரு காலத்தில் அப்படி எண்ணியவன்தான்.

என் மாணவன் ஒருவனின் தந்தை, மனச்சோர்வுக்கென வைத்தியர் கொடுத்த அமிட்ரிப்டிலின் குளிசையைப் பத்தாம் நாளில் நிறுத்திவிட்டு என்னிடம் வந்தார். "வாய் காய்கிறது ஹஸ்ரத், பகலெல்லாம் தூக்கம். மனம் மட்டும் அப்படியேதான்" என்றார். ஓதிப் பார்த்து அனுப்பினேன். மீண்டும் வைத்தியரிடம் போங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. மூன்று மாதத்தின் பின் அவரை ஆஸ்பத்திரிக் கட்டிலில் கண்டபோதுதான் என் தவறு விளங்கியது.

இம்மருந்துகளின் குணமே அதுதான். தொல்லை முதல் நாட்களிலேயே வந்துவிடும். பலனோ இரண்டு முதல் நான்கு வாரங்கள், சிலருக்கு அதற்கும் மேல் பிந்தித்தான் தெரியும். இடையில் கைவிடுபவர் கஷ்டத்தை மட்டுமே அனுபவித்தவராகிறார்.

எந்த மருந்து சிறந்தது? ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அந்திரேயா சிப்ரியானியும் குழுவினரும் 522 பரிசோதனைகளை, 116,477 நோயாளிகளின் விபரங்களோடு ஒன்றுதிரட்டி ஆராய்ந்து, 2018இல் 'லான்செட்' சஞ்சிகையில் வெளியிட்டனர். ஒப்பிட்ட 21 மருந்துகளும் மருந்தில்லாப் போலிக் குளிசையை விடப் பலன் தந்தன. ஆனால் அந்த மேம்பாடு மிகப் பெரியதல்ல. பலனில் முன்னின்றது பழைய அமிட்ரிப்டிலின். எனினும் பக்கவிளைவு தாங்காமல் விலகியோர் அதில் அதிகம். புளுவொக்ஸடின் பலனில் சற்றுப் பின்தங்கியது. இடையில் விட்டோரோ குறைவு. எஸிடலொப்ராம் இரண்டிலும் நல்ல இடம் பெற்றது. அப்பரிசோதனைகள் பெரும்பாலும் எட்டு வாரங்களையே அளந்தவை, பல மருந்துக் கம்பனிகளின் செலவில் நடந்தவை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஆகவே அயல்வீட்டாருக்குச் சுகம் தந்த குளிசை உங்களுக்கும் ஒத்துவரும் என்றில்லை. குமட்டலோ தூக்கமோ தாங்கமுடியாவிட்டால் வைத்தியரிடம் சொல்லுங்கள். அளவைக் குறைக்கலாம், வேறொன்றுக்கு மாற்றலாம். நீங்களாகத் திடீரென நிறுத்தினால் தலைசுற்றலும் பதற்றமும் வரக்கூடும். குணம் தெரிந்த பின்னரும் ஆறு மாதமாவது தொடரச் சொல்வார்கள். இருபத்தைந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளாயின் முதல் வாரங்களில் கண்ணுக்குள் வைத்துப் பாருங்கள். சிலருக்கு உயிரை மாய்க்கும் எண்ணம் அப்போது கூடுவதுண்டு. அப்படியொரு பேச்சு வாயில் வந்தால் விடியும்வரை காத்திராமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்லுங்கள்.

நோன்பு வந்துவிட்டதே என்று மருந்தை விடுவோரும் உளர். இவற்றில் பல நாளுக்கு ஒரு தடவை எடுப்பவை. இரவுக்கோ ஸஹருக்கோ மாற்றமுடியுமா என்று ரமழானுக்கு முன்பே வைத்தியரிடம் கேட்டுக்கொள்ளலாம். அந்தத் தந்தைக்கு இப்போது வேறு குளிசை. ஸஹர் சோற்றுக்குப் பின் மகன்தான் எடுத்துக் கொடுக்கிறான். ஓதிப் பார்க்கவும் இடைக்கிடை என்னிடம் வருகிறார்.