மலேரியா: காய்ச்சல் தணிந்த பிறகு தொடங்கும் ஆய்வு

புது தில்லி: மலேரியா நோயாளிக்கு மாத்திரை கொடுத்த இரண்டு, மூன்று நாள்களில் பெரும்பாலும் காய்ச்சல் தணிந்துவிடுகிறது. நடுக்கம் நின்றதும் அவர் வயலுக்கோ, காட்டுக்கோ, கூலி வேலைக்கோ திரும்பிவிடுகிறார். அவரைப் பொறுத்தவரை நோய் தீர்ந்தது. ஆனால், கொடுத்த மருந்து உண்மையிலேயே நோயைத் தீர்த்ததா என்று அறிய வேண்டிய பொது சுகாதார ஆய்வாளருக்கு அப்போதுதான் பணி தொடங்குகிறது. அடுத்த நான்கு வாரங்களுக்கு அந்த நோயாளியை விடாமல் பின்தொடர்ந்து, குறித்த நாள்களில் விரல் நுனியிலிருந்து ரத்தத் துளி எடுத்து, அதில் மலேரியா ஒட்டுண்ணி மீண்டும் தலைகாட்டுகிறதா என்று பார்க்க வேண்டும்.

பரபரப்பு இல்லாத, பத்திரிகைகளில் அதிகம் இடம்பெறாத பணி இது. ஆயினும், நாட்டின் மலேரியா சிகிச்சைக் கொள்கையைக் கடந்த 20 ஆண்டுகளில் மாற்றி அமைத்ததில் இந்த ரத்தத் துளிகளுக்குப் பெரும் பங்கு உண்டு. தில்லியின் துவாரகா பகுதியில் இயங்கும் தேசிய மலேரியா ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த நீலிமா மிஸ்ரா, நீனா வலேச்சா உள்ளிட்ட விஞ்ஞானிகள் குழு இப்பணியை முன்னின்று நடத்தியது. இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலின் கீழ் உள்ள இந்த நிறுவனத்தின் ஆய்வு முடிவுகள் ஏட்டோடு நின்றுவிடாமல் கிராமத்துச் சுகாதாரப் பணியாளரின் கையில் உள்ள மாத்திரை அட்டையையே மாற்றின.

கை நழுவிய வெற்றி

இந்தக் கண்காணிப்பு ஏன் தேவைப்பட்டது என்பதற்கு விடை வரலாற்றில் இருக்கிறது. தேசிய மலேரியா கட்டுப்பாட்டுத் திட்டம் 1953-இல் தொடங்கப்பட்டபோது நாட்டில் ஆண்டுக்கு 7.5 கோடிப் பேர் மலேரியாவால் பாதிக்கப்பட்டனர்; 8 லட்சம் பேர் உயிரிழந்தனர் என்பது அன்றைய மதிப்பீடு. டிடிடி தெளிப்பும் குளோரோகுயின் மாத்திரையும் நிலைமையைத் தலைகீழாக மாற்றின. 1965-இல் நோயாளிகளின் எண்ணிக்கை ஏறத்தாழ ஒரு லட்சமாகச் சுருங்கியது. மலேரியா ஒழிந்தே விட்டது என்று எண்ணி, கண்காணிப்பு தளர்ந்தது. பதினோரு ஆண்டுகள் கழித்து, 1976-இல், 64 லட்சம் பேர் மலேரியாவால் பாதிக்கப்பட்டனர்.

இந்த இடைக்காலத்தில் மற்றோர் ஆபத்தும் நாட்டுக்குள் நுழைந்திருந்தது. 1973-இல், அசாம் மாநிலத்தில் இன்று கார்பி ஆங்லாங் என்று அழைக்கப்படும் மலை மாவட்டத்தில், குளோரோகுயினுக்குக் கட்டுப்படாத ஃபால்சிபாரம் ஒட்டுண்ணி முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. மலேரியா வகைகளில் உயிரைப் பறிக்கும் கொடிய வகை இதுவே. தாய்லாந்து - கம்போடிய எல்லைப் பகுதியில் தோன்றிய எதிர்ப்புத் திறன், வடகிழக்கு வழியாக இந்தியாவுக்குள் காலடி வைத்தது.

குளோரோகுயின் பயனளிக்காத இடங்களில் சல்ஃபாடாக்சின் - பைரிமெத்தமின் என்ற மாற்று மருந்து 1982-இல் கொண்டுவரப்பட்டது. ஆனாலும் நாட்டின் பெரும்பகுதியில் குளோரோகுயினே முதல் மருந்தாக நீடித்தது. விலை மலிவு, நீண்ட காலப் பழக்கம், எதிர்ப்புத் திறன் எங்கெங்கு, எவ்வளவு பரவியுள்ளது என்ற முழுமையான தகவல் இல்லாமை ஆகியவை மாற்றத்தைத் தாமதப்படுத்தின. நோயாளிக்குக் கொடுத்தது குணப்படுத்தும் மருந்தா, காய்ச்சலைச் சில நாள் தள்ளிப்போடும் மருந்தா என்பது பல மாவட்டங்களில் யாருக்கும் தெரியாது என்பதே அன்றைய நிலை.

இரு மருந்துக் கூட்டணி

சீனத்தில் ஒருவகை மாசிப்பத்திரிச் செடியிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட ஆர்டிமிசினின், மலேரியா சிகிச்சையில் திருப்புமுனையாக அமைந்தது. இதைக் கண்டறிந்த விஞ்ஞானி து யூயூவுக்கு 2015-இல் நோபல் பரிசு கிடைத்தது. இந்த மருந்து ஒட்டுண்ணிகளை மிக விரைவாக அழிக்கும். ஆனால் உடலில் சில மணி நேரமே தங்கும். எனவே, எஞ்சிய ஒட்டுண்ணிகளைத் தீர்த்துக்கட்ட, உடலில் நீண்ட நாள் தங்கும் மற்றொரு மருந்தையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். ஒன்றுக்கு ஒட்டுண்ணி பழகினாலும் மற்றொன்று அதை அழித்துவிடும் என்பதே இதன் தத்துவம்.

இதன்படி, குளோரோகுயின் பலனளிக்காத பகுதிகளில் ஆர்டிசுனேட்டுடன் சல்ஃபாடாக்சின் - பைரிமெத்தமின் சேர்ந்த கூட்டு மருந்து 2005-இல் இந்தியாவில் அறிமுகமானது. பரிசோதனையில் உறுதிசெய்யப்பட்ட ஃபால்சிபாரம் நோயாளிகள் அனைவருக்கும் 2010 முதல் கூட்டு மருந்து என்பது நாடு தழுவிய கொள்கையாயிற்று. கூட்டாளி இல்லாமல் ஆர்டிமிசினின் வகை மாத்திரையைத் தனியாக விற்பது எதிர்ப்புத் திறனை வளர்த்துவிடும் என்பதால், அதற்கு 2009-இல் தடை விதிக்கப்பட்டது.

குளோரோகுயின் விஷயத்தில் செய்த தவறு இம்முறை நேரக் கூடாது என்ற நோக்கில், மருந்து எதிர்ப்புத் திறனைக் கண்காணிக்கும் தேசிய அமைப்பு 2009-இல் உருவாக்கப்பட்டது. நாடு முழுவதும் 25 கண்காணிப்பு மையங்கள் தேர்ந்தெடுக்கப்பட்டன.

ஆய்வு முறை கேட்பதற்கு எளிமையானது. செய்வதற்கு மிகக் கடினமானது. ஒவ்வொரு வேளை மருந்தும் பணியாளரின் கண் முன்னே கொடுக்கப்பட வேண்டும். முதல் மூன்று நாள்களும், பிறகு 7, 14, 21, 28-ஆம் நாள்களிலும் ரத்தம் பரிசோதிக்கப்பட வேண்டும். இடையில் ஒட்டுண்ணி தென்பட்டால், மருந்து தோற்றதா, அல்லது வேறொரு கொசு கடித்துப் புதிதாக நோய் தொற்றியதா என்ற கேள்வி எழும். முதல் நாள் எடுத்த ஒட்டுண்ணியின் மரபணுவையும், பின்னர் தென்பட்டதன் மரபணுவையும் பிசிஆர் முறையில் ஒப்பிட்டே இதற்கு விடை காண முடியும். சாலை வசதியற்ற பழங்குடி கிராமங்களில், வேலை தேடி இடம்பெயரும் மக்களிடையே, ஒரு நோயாளியை 28 நாள்கள் தவறவிடாமல் பின்தொடர்வது சாதாரணமான காரியமல்ல.

2009 - 2010-இல் 1,664 நோயாளிகளிடம் நடத்தப்பட்ட இந்த ஆய்வின் முடிவுகளை உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்விதழ் 2012-இல் வெளியிட்டது. கூட்டு மருந்தின் குணப்படுத்தும் திறன் 98.8 சதவீதம் எனத் தெரியவந்தது. கொள்கை வகுப்போருக்கு இது நிம்மதி அளித்த செய்தி. ஆனால், ஆய்வாளர்கள் அத்துடன் நின்றுவிடவில்லை.

வடகிழக்கிலிருந்து வந்த எச்சரிக்கை

மேற்கண்ட ஆய்விலேயே ஒட்டுண்ணியின் மரபணுக்களும் பரிசோதிக்கப்பட்டன. கூட்டணியின் இரண்டாம் மருந்தான சல்ஃபாடாக்சின் - பைரிமெத்தமினுக்கு எதிரான மரபணு மாற்றங்கள் எங்கெங்கு சேர்ந்து வருகின்றன என்பதைக் கண்காணிக்கவே இந்த ஏற்பாடு. அதன் தேவை விரைவிலேயே வெளிப்பட்டது. திரிபுரா, மிஸோரம், அருணாசலப் பிரதேசம் ஆகிய மாநிலங்களில் 2012-இல் நடத்திய ஆய்வில், சில இடங்களில் சிகிச்சை தோல்வி 10 சதவீதத்தைத் தாண்டியிருந்தது. தோல்வி 10 சதவீதத்தை மிஞ்சினால் மருந்தை மாற்ற வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் விதி.

பலவீனமடைந்திருந்தது ஆர்டிசுனேட் அல்ல, அதன் கூட்டாளி. துணை தோற்றால், தனித்து நின்று போராடும் முதன்மை மருந்துக்கும் நாளடைவில் ஒட்டுண்ணி பழகிவிடும் என்பதே அச்சம். ஆய்வு முடிவுகள் வந்த வேகத்திலேயே முடிவும் எடுக்கப்பட்டது. 2013-இல் வடகிழக்கு மாநிலங்களுக்கு மட்டும் ஆர்டிமெதர் - லூமிஃபான்ட்ரின் என்ற வேறு கூட்டு மருந்து பரிந்துரைக்கப்பட்டது. 1973-இல் அசாமில் கிடைத்த எச்சரிக்கைக்குப் பிறகு நாடு தழுவிய மாற்றம் வர 37 ஆண்டுகள் ஆயின. 2012-இல் கிடைத்த எச்சரிக்கைக்கு அடுத்த ஆண்டே பதில் கிடைத்தது.

இதில் ஒரு சிக்கலும் உண்டு. பழைய கூட்டு மருந்தை நாளுக்கு ஒரு வேளை கொடுத்தால் போதும். புதியதை மூன்று நாள்களில் ஆறு வேளை, அதுவும் கொழுப்புச் சத்துள்ள உணவுடன் உட்கொள்ள வேண்டும். மலைக்கிராமத்துக் குடிசையில் ஆறாவது வேளை மாத்திரை உட்கொள்ளப்பட்டதா என்பதை யார் உறுதி செய்வது? வயதுக்கு ஏற்ற அளவில், வெவ்வேறு நிற அட்டைகளில் மாத்திரைகள் வழங்கப்படுவதும், கிராமத்திலேயே இருக்கும் ஆஷா பணியாளரிடம் விரைவுப் பரிசோதனைக் கருவியும் மருந்தும் ஒப்படைக்கப்பட்டிருப்பதும் இதற்காகவே.

ஐந்து நாளும் பதினான்கு நாளும்

வைவாக்ஸ் என்ற மற்றொரு வகை மலேரியாவின் கதை வேறு. சென்னைவாசிகளுக்கு நன்கு பழக்கமானது இந்த வகைதான். உயிரிழப்பு குறைவு, ஆனால் ஒட்டுண்ணி கல்லீரலில் ஒளிந்திருந்து, வாரங்கள் அல்லது மாதங்கள் கழித்து மீண்டும் காய்ச்சலை உண்டாக்கும். அதை அழிக்க பிரைமாகுயின் என்ற மாத்திரை தேவை. இந்தியாவில் பல்லாண்டு காலம் இதை ஐந்து நாள்கள் மட்டுமே கொடுத்து வந்தனர்.

இந்த ஐந்து நாள் சிகிச்சை போதாது என்பதை மும்பையில் நித்யா கோக்தே, நீலிமா க்ஷீர்சாகர் ஆகியோர் அடங்கிய குழுவினர் நடத்தி 1999-இல் வெளியிட்ட ஆய்வு எடுத்துக்காட்டியது. பல நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோதும், ஐந்து நாள் கொடுப்பதற்கும் கொடுக்காமலே இருப்பதற்கும் வேறுபாடு இல்லை என்பது உறுதியானது. இதையடுத்தே 14 நாள் சிகிச்சை கொள்கையாயிற்று. அதுவரை லட்சக்கணக்கானோர் பயனற்ற அளவில் மருந்து உட்கொண்டு, மீண்டும் காய்ச்சலில் விழுந்து, அதைப் புதிய கொசுக்கடியின் விளைவு என்றே நம்பியிருந்தனர்.

பதினான்கு நாள் என்பதும் எளிதன்று. மூன்றாம் நாள் காய்ச்சல் நின்றவுடன் மீதி மாத்திரைகள் பரணில் போடப்படுகின்றன. ஜி6பிடி என்ற நொதிக் குறைபாடு உள்ளவர்களுக்கு இந்த மருந்தால் ரத்த சிவப்பணுக்கள் சிதையும் ஆபத்தும் உண்டு. கூடுதல் அளவில் ஏழே நாள்கள் கொடுத்தாலும் அதே பலன் கிடைக்கும் என்று ஆப்கானிஸ்தான், எத்தியோப்பியா, இந்தோனேசியா, வியத்நாம் ஆகிய நாடுகளில் நடந்த ஆய்வு 2019-இல் தெரிவித்தது. ஒரே வேளையில் முடிந்துவிடும் டாஃபினோகுயின் மருந்துக்கு 2018-இல் அமெரிக்கா அனுமதி அளித்தது. இரண்டுக்குமே ஜி6பிடி பரிசோதனை முக்கியம்; டாஃபினோகுயினுக்கு அது கட்டாயம். அந்தப் பரிசோதனை கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்தை எட்டாதவரை, புதிய மருந்தால் ஏழை நோயாளிக்குப் பயனில்லை.

கணக்கில் வராத மரணங்கள்

சிகிச்சை எவ்வளவு மேம்பட்டாலும், அது நோயாளியைச் சென்றடைய வேண்டும். 2010-இல் லான்செட் இதழில் வெளியான ஓர் ஆய்வு பெரும் சர்ச்சையைக் கிளப்பியது. இறந்தவர்களின் குடும்பத்தினரிடம் விசாரித்து நடத்தப்பட்ட அந்த ஆய்வு, இந்தியாவில் 70 வயதுக்கு உள்பட்டோரில் ஆண்டுக்கு 2.05 லட்சம் பேர் மலேரியாவால் இறப்பதாகக் கூறியது. உலக சுகாதார நிறுவனத்தின் அன்றைய மதிப்பீடோ சுமார் 15 ஆயிரம். உறவினரின் நினைவை வைத்து மலேரியா மரணத்தை உறுதி செய்ய முடியாது என்று அந்த நிறுவனம் ஆட்சேபித்தது. எண்ணிக்கையில் கருத்து வேறுபாடு இருந்தாலும், அந்த ஆய்வு சொன்ன மற்றொரு தகவல் யோசிக்க வைத்தது. மலேரியாவால் இறந்ததாகக் கருதப்பட்டவர்களில் 90 சதவீதம் பேர் கிராமவாசிகள். 86 சதவீதம் பேர் எந்த மருத்துவமனையிலும் இறக்கவில்லை.

மக்கள் மருத்துவமனைக்கு வராவிட்டால், மருத்துவம் மக்களிடம் செல்ல வேண்டும் என்பதை ஒடிசா செய்து காட்டியது. எளிதில் செல்ல முடியாத பகுதிகளில் முகாம் அமைத்து, காய்ச்சல் இல்லாதவர்களையும் பரிசோதித்து, நோய் இருப்பவர்களுக்கு மருந்து கொடுக்கும் 'தமன்' திட்டம் 2017-இல் அங்கு தொடங்கியது. அவ்வாண்டு 3.4 லட்சத்துக்கும் மேல் இருந்த நோயாளிகளின் எண்ணிக்கை, அடுத்த ஆண்டில் 70 ஆயிரத்துக்கும் கீழே இறங்கியது.

மீண்டும் ஒரு 1965?

மத்திய சுகாதார அமைச்சகக் கணக்குப்படி, நாட்டில் 2015-இல் 11,69,261 ஆக இருந்த மலேரியா நோயாளிகள் எண்ணிக்கை 2023-இல் 2,27,564 ஆகவும், இறப்பு 384-லிருந்து 83 ஆகவும் குறைந்தது. மலேரியா பாதிப்பு மிகுந்த நாடுகளின் தீவிர நடவடிக்கைக் குழுவிலிருந்து 2024-இல் இந்தியா வெளியேறியது. 2030-க்குள் மலேரியாவை முற்றிலும் ஒழிப்பது அரசின் இலக்கு.

இங்குதான் 1965-இன் நினைவு எழுகிறது. நோயாளிகள் குறையக் குறைய, மருந்தின் திறனைச் சோதிக்கப் போதிய எண்ணிக்கையில் நோயாளிகள் கிடைப்பது அரிதாகிறது. "ஒழிந்துகொண்டிருக்கும்" நோய்க்கு எதற்குச் செலவு என்ற கேள்வி நிதி ஒதுக்கீட்டின்போது எழுவது இயல்பு. ஆனால், ஆபத்து வாசலிலேயே நிற்கிறது. ஆர்டிமிசினினுக்கு எதிரான மரபணு மாற்றம் கொண்ட ஒட்டுண்ணி, மியான்மரின் சகாயிங் பகுதியில், இந்திய எல்லையிலிருந்து 25 கி.மீ. தொலைவில் காணப்பட்டதாக 2015-இல் ஓர் ஆய்வு தெரிவித்தது. குளோரோகுயின் எதிர்ப்பு வந்த அதே திசை அது.

மலேரியா பரப்புவது கொசுதான் என்பதை 1897-இல் ரொனால்டு ராஸ் கண்டறிந்தது நமது செகந்திராபாதில். அந்தப் பெருமையை ஆண்டுதோறும் நினைவுகூர்கிறோம். மலைக்கிராமத்தில் 28-ஆம் நாள் ரத்தத் துளிக்காக மீண்டும் நடந்து செல்லும் களப்பணியாளருக்கு விழா ஏதுமில்லை. அவருக்கு வாகனமும், ஊதியமும், பரிசோதனைக் கூடமும் தடையின்றிக் கிடைக்கச் செய்வதே, ஒழிப்பு இலக்கில் அரசு எந்த அளவுக்கு உறுதியாக உள்ளது என்பதற்கு உண்மையான அளவுகோல். மலேரியா ஒழிந்தது என்று அறிவிக்கும் நாள் வரை மட்டுமல்ல, அதற்குப் பிறகும் அந்தக் களப்பணியாளர் தேவைப்படுவார்.