ஆமை ஏன் முக்கோணம் போடவில்லை? – சுகர் மென்பொருள் பற்றி ஒரு பேச்சு

குழந்தைகள் சேர்ந்து உட்கார்ந்து, தாங்களே செய்து பார்த்துக் கற்பதற்காக எழுதப்பட்ட ஒரு கட்டற்ற மென்பொருளைப் பற்றி இன்னைக்குப் பேசப் போறேன். பேரு சுகர். ஆமா, சர்க்கரைதான்!

முதல்ல எங்க வீட்டில் நடந்த ஒன்றைச் சொல்லிடுறேன். போன கோடை விடுமுறையில் ஆறாவது முடித்த என் பொண்ணும் எதிர்வீட்டுப் பையனும் என் பழைய மடிக்கணினி முன்னாடி உட்கார்ந்திருந்தாங்க. சுகரில் டர்டில் பிளாக்ஸ் என்று ஒரு செயலி உண்டு. திரையில் ஒரு ஆமை இருக்கும். கட்டளைக் கட்டைகளை ஒன்றோடு ஒன்று கோத்து அதை நகர்த்தணும். 'முன்னே 100, வலப்பக்கம் 90' என்பதை நாலு முறை திரும்பச் செய்தால் சதுரம். அது சுலபமா வந்துடுச்சு.

அடுத்தது முக்கோணம். சமபக்க முக்கோணத்தின் கோணம் 60 பாகை என்று பொண்ணுக்குத் தெரியும். 60 போட்டு மூன்று முறை ஓட்டினாங்க. முக்கோணம் வரலை. மூடாத கிண்ணம் மாதிரி ஏதோ வந்தது.

"கம்ப்யூட்டர் தப்பு" என்றான் பையன். எனக்கு விடை நாக்கு நுனியில் நிற்குது. சொல்லியிருந்தால் அரை நிமிஷத்தில் முடிஞ்சிருக்கும். சிரமப்பட்டு வாயை மூடிக்கிட்டேன். கொஞ்ச நேரம் சண்டை. அப்புறம் பொண்ணு எழுந்து கூடத்தில் ஆமையா நடந்தா, அவன் கட்டளை கொடுத்தான். மூலைக்கு வந்து 60 பாகை திரும்பினதும், "பத்தாது, இன்னும் திரும்பு!" என்று கத்தினான். ஆமை திரும்புவது உள்கோணம் அளவுக்கு இல்லை, வெளிக்கோணம் அளவுக்கு. 180-இல் 60 போனால் 120. அந்த 120-ஐ யாரும் சொல்லித் தரலை. அவங்களாவே கண்டுபிடிச்சாங்க.

இந்த ஆமைக்குப் பெரிய பரம்பரை இருக்கு. 1967-இல் அமெரிக்காவில் குழந்தைகளுக்காக லோகோ என்ற நிரல்மொழி பிறந்தது. அதை உருவாக்கியவர்களில் ஒருவர் எம்.ஐ.டி.யைச் சேர்ந்த சேமோர் பாபர்ட். மற்றவர்களுக்குக் காட்டக்கூடிய ஒரு பொருளைத் தானே உருவாக்கும்போதுதான் குழந்தை நன்றாகக் கற்கிறது என்பது அவர் எண்ணம். அதே எண்ணத்தில், 'குழந்தைக்கு ஒரு மடிக்கணினி' என்ற திட்டத்தை நிக்கோலஸ் நெக்ரோபோன்டே 2005-இல் அறிவித்தார். அந்த மடிக்கணினிக்காக எழுதப்பட்டதுதான் சுகர். 2008-இல் வால்டர் பெண்டர் சுகர் லேப்ஸ் அமைப்பைத் தொடங்கியபின், சுகர் மற்றக் கணினிகளுக்கும் வந்தது.

இதில் என்ன புதுசு? கோப்பு, கோப்புறை எதுவும் முன்னால் நிற்காது. 'நாட்குறிப்பு' என்று ஒன்று உண்டு. குழந்தை செய்தது எல்லாம் தானாகவே அதில் பதிவாகும். 'அக்கம்பக்கம்' என்ற திரையில், அதே வலையமைப்பில் இருக்கும் மற்றப் பிள்ளைகள் வண்ண உருவங்களாகத் தெரிவாங்க. ஒருத்தர் எழுதும் கதையைப் பகிர்ந்தால், இன்னொருத்தர் உள்ளே வந்து அதே பக்கத்தில் சேர்ந்து எழுதலாம். மூல நிரலைத் திறந்து பார்க்கவும் வழி இருக்கு. இது எப்படி வேலை செய்யுது என்று கேட்கும் குழந்தைக்கு 'அதைத் தொடாதே' என்று சொல்ல வேண்டியதில்லை. கட்டற்ற மென்பொருள் என்பதன் பொருள் குழந்தைக்குப் புரிவது அங்கேதான்.

அப்போ இதைக் கொடுத்தாலே போதுமா? போதாது. உருகுவேயில் 2007-இல் தொடங்கிய செய்பால் திட்டம் 2009-க்குள் அரசுத் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகள் எல்லோருக்கும் மடிக்கணினி கொடுத்தது. பெருவும் லட்சக்கணக்கில் கொடுத்தது. ஆனால் பெருவின் கிராமப் பள்ளிகளில் நடந்த ஆய்வை இன்டர்-அமெரிக்கன் வளர்ச்சி வங்கி 2012-இல் வெளியிட்டபோது, கணக்கிலும் மொழியிலும் மதிப்பெண் கூடினதாகத் தெரியலை. இதை மறைச்சுட்டுச் சுகரைப் புகழ்வது நியாயமில்லை.

எனக்குப் படுவது இதுதான். ஆமை தன்னால் எதையும் கற்றுத் தராது. தப்பாக ஒரு கிண்ணம் வரும்போது, அதைப் பற்றிச் சண்டை போட ஒரு கூட்டாளி வேணும். நடந்து பார்க்க இடம் வேணும். விடை தெரிந்தும் பொறுத்திருக்கும் ஒரு பெரியவர் வேணும். முப்பத்தைந்து நிமிஷ வகுப்பில் பாடத்தை முடிக்க ஓடுகிற ஆசிரியருக்கு அந்தப் பொறுமைக்கு நேரம் யார் கொடுப்பது? மென்பொருள் இலவசம்தான், அந்த நேரம் இலவசம் இல்லை.

நீங்களும் முயன்று பாருங்க. யு.எஸ்.பி.யில் போட்டுப் பழைய கணினியில் ஓட்டலாம். நிறுவ யோசனையாக இருந்தால், உலாவியிலேயே இயங்கும் சுகரைசர் இருக்கு. ஒரு கணினிக்கு ரெண்டு பிள்ளைகளை உட்கார வையுங்க. முக்கோணம் போடச் சொல்லுங்க. விடையை மட்டும் சொல்லிடாதீங்க!

அடுத்த பகுதியில் சந்திப்போம்.