கோதையின் இரண்டாம் பாட்டு

மார்கழி மாதத்து விடியற்காலையில், பனி விலகாத அரையிருட்டில், ஸ்ரீவில்லிபுத்தூர் மாடவீதிகளில் நடந்து செல்கிறவர்களுக்குக் கண்ணில் படுவதற்கு முன்பாகவே காதில் விழுந்துவிடுவது திருப்பாவை கோஷ்டி. ஈரம் உலராத கூந்தலை நுனியில் முடிந்துகொண்டு, ஒருத்தி மறந்த சொல்லை மற்றொருத்தி எடுத்துக் கொடுக்க, பெண்கள் கூட்டமாகப் பாடிக்கொண்டு போகும் அந்த ஓசையைக் கேட்டவர்கள், ஆயிரத்துச் சொச்சம் வருஷங்களுக்கு முன் இதே ஊர் நந்தவனத்தில் வளர்ந்த ஒரு பெண்ணின் வாக்கு இன்னும் பெண்களின் வாயிலேயே உயிரோடிருப்பதை எண்ணி மனம் நெகிழாமல் இருக்க முடியாது. முப்பது நாட்கள் இந்த வைபவம் நடக்கிறது. தை பிறந்த மறுநாள் வீதி மௌனமாகிவிடுகிறது.

இதிலே எனக்கு நெடுநாளாக ஒரு வருத்தம் உண்டு. ஏனெனில், ஆண்டாள் என்று நாம் போற்றும் அந்தக் கோதையின் இரண்டாம் பிரபந்தம் தை மாதத்தில்தான் ஆரம்பமாகிறது.

நாச்சியார் திருமொழி என்று பெயர் பெற்ற அந்த நூல், நாலாயிர திவ்வியப் பிரபந்தத்தின் முதலாயிரத்தில் திருப்பாவைக்கு அடுத்தபடியாக வைக்கப்பட்டிருக்கிறது. பதினான்கு திருமொழிகள், 143 பாசுரங்கள். அளவில் திருப்பாவையைப்போல ஏறக்குறைய ஐந்து மடங்கு. தை மாதம் முழுவதும் தரையை மெழுகிக் கோலமிட்டு, கண்ணனோடு தன்னைச் சேர்த்து வைக்கும்படி காமதேவனை வேண்டும் பெண்ணின் விண்ணப்பத்தோடு அது தொடங்குகிறது. ஆனால் இந்த நூலில் நம்மில் பெரும்பாலோருக்குத் தெரிந்தது ஆறாம் திருமொழியாகிய ‘வாரணம் ஆயிரம்’ ஒன்றே. வைஷ்ணவர் கல்யாணங்களில் அது தவறாமல் சேவிக்கப்படுகிறது. 2000ஆம் ஆண்டில் வெளிவந்த ‘ஹே ராம்’ படத்தில் இளையராஜாவின் இசையில் ஒலித்தது. 2008இல் ஒரு திரைப்படத்துக்கே பெயராயிற்று. மற்றப் பதின்மூன்று திருமொழிகளும் பகல்பத்து உற்சவத்தில் முறைப்படி சேவிக்கப்படுவதோடு சரி.

முதற்படைப்பால் உலகத்தை வசப்படுத்திய ஒருவர் இரண்டாவதைக் கொண்டுவரும்போது ரசிகர்கள் இரண்டுபட்டுப் போவது, பாட்டு என்பது தோன்றிய நாள்முதல் நடந்துவருவதாகவே இருக்க வேண்டும். இங்கிலாந்தில் ‘ஸ்பைஸ் கேர்ள்ஸ்’ என்ற ஐந்து இளம்பெண்களின் குழு 1996இல் தங்கள் முதல் இசைத்தொகுப்பை வெளியிட்டபோது தேசதேசாந்தரங்களிலும் சிறுமிகள் அதை மனப்பாடம் செய்தார்கள். மறுவருஷமே ‘ஸ்பைஸ்வேர்ல்ட்’ என்று இரண்டாவது தொகுப்பு வந்தது. விற்பனைக்குக் குறைவில்லை என்றாலும், பழைய வேகம் இல்லையென்று சிலரும், குரல்கள் பக்குவப்பட்டிருக்கின்றன என்று சிலருமாக விமரிசகர்கள் பிரிந்து நின்றார்கள். 1998 மே மாதத்தில் ஜெரி ஹாலிவெல் குழுவை விட்டு விலகினார். ஒன்று சேர்ந்து பாடுவதில் ஓர் ஆனந்தம் இருக்கிறது. அந்தக் கூட்டத்தில் ஒரு குரல் தனித்துப் பிரிந்துவிட்டால் கேட்கிறவர்களுக்குச் சங்கடம் உண்டாகிறது. திருவாடிப்பூரத்து நாயகியாகிய கோதையின் வாக்கைச் சந்தைப் பாட்டோடு ஒப்பிடுவதாக யாரும் கொள்ள வேண்டாம். அந்தச் சங்கடத்தின் இயல்பை விளக்கவே இதைச் சொன்னேன்.

திருப்பாவை முழுவதும் ‘நாம்’ என்னும் சொல்லின் நிழலில் நடக்கிறது. ஆறாம் பாசுரம் முதல் பதினைந்தாம் பாசுரம் வரையில் பத்துப் பெண்களை வீடு வீடாகப் போய் எழுப்பி, வராதவளைக் கேலி செய்து, வந்தவளை அணைத்துக்கொண்டு, எல்லோருமாக நந்தகோபன் மாளிகை வாயிலுக்குச் சென்று, நப்பின்னையை முன்னிட்டுக் கண்ணனைத் துயிலெழுப்புகிறார்கள். ஒருத்தியின் ஆசை எல்லோருடைய ஆசையாகவும் இருக்கிறபடியால் அதிலே கூச்சத்துக்கு இடமில்லை. சங்கீத உலகமும் இதைக் கொண்டாடியது. அரியக்குடி ராமாநுஜ ஐயங்கார் முப்பது பாசுரங்களுக்கும் ராகம் அமைத்து, முதல் ஐந்துக்கு நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ என்று கனராகங்களை வரிசையாக வைத்தார்; எம்.எல்.வசந்தகுமாரியின் குரலில் அது இசைத்தட்டாகித் தமிழ்நாட்டு வீடுகளின் மார்கழிக்குச் சுருதியாகவே அமைந்துவிட்டது. திருமலையிலும் மார்கழி முழுவதும் சுப்ரபாதத்துக்குப் பதிலாகத் திருப்பாவையே ஒலிக்கிறது.

இரண்டாம் நூலில் அந்தக் கூட்டம் கொஞ்சம் கொஞ்சமாகக் கலைந்துபோவதைக் காணலாம். சிற்றிலைச் சிதைக்காதே என்று கண்ணனைக் கெஞ்சும்போதும், குளக்கரையில் கவர்ந்துகொண்ட துகிலைத் தந்துவிடு என்று இறைஞ்சும்போதும் தோழிகள் உடனிருக்கிறார்கள். நான்காம் திருமொழியில் கண்ணை மூடிக்கொண்டு மணலில் வட்டமிட்டு, முனைகள் கூடுமா என்று கூடலிழைத்துப் பார்க்கிறவள் தனியாகிவிட்டாள். கல்யாணக் கனவைக் கேட்க ஒரே ஒரு தோழி மிஞ்சியிருக்கிறாள். அதற்கு முன்னும் பின்னும் அவள் பெரும்பாலும் பேசுவது மனிதரோடு அல்ல. குயிலை அழைத்துத் தூது போகச் சொல்கிறாள். சங்கைப் பார்த்து, அவன் வாயின் மணமும் சுவையும் எப்படியிருக்கும் என்று கேட்கிறாள். மேகத்தை வேங்கடத்துக்கு அனுப்புகிறாள். பதின்மூன்றாம் திருமொழிக்கு வரும்போது, அவனுக்குப் பயன்படாத இந்த மார்பைப் பறித்து அவன் மார்பிலேயே எறிவேன் என்று சொல்லுமளவுக்கு வேதனை முற்றிவிடுகிறது. தமிழில் ஒரு பெண் தன் உடம்பின் தாபத்தைத் தன் வாயால், இன்னொருவர் கூற்றில் ஒளித்துக்கொள்ளாமல், இவ்வளவு நேராகச் சொன்னதற்கு ஈடாக வேறொன்றை நான் படித்ததில்லை.

இங்கேதான் அபிப்பிராயங்கள் பிரிகின்றன. குழந்தைகள் கூடியிருக்கும் இடத்தில் இதை எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்று தயங்குகிற பெரியவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் பக்தியில் குறைந்தவர்கள் அல்லர். இதெல்லாம் ஜீவாத்மா பரமாத்மாவை நாடுகிற தத்துவமேயன்றி வேறில்லை என்று சொல்லி, சொற்களின் சூட்டைத் தணித்துக்கொள்கிறவர்களும் உண்டு. தத்துவம் வேண்டாம், இது ஒரு பெண்ணின் காதல் கவிதை மாத்திரமே என்று வாதிக்கிற இக்காலத்து வாசகர்கள் மறுபுறம். 2010இல் அர்ச்சனா வெங்கடேசன் ‘தி சீக்ரெட் கார்லண்ட்’ என்ற பெயரில் இரண்டு பிரபந்தங்களையும் ஒரே நூலாக ஆங்கிலத்தில் பெயர்த்து வெளியிட்டதால், இரண்டையும் அடுத்தடுத்துப் படிக்கும் வாய்ப்பு வெளிநாட்டு வாசகருக்கும் கிடைத்திருக்கிறது.

நம் பூர்வாசாரியர்கள் மட்டும் தயங்கியதாகத் தெரியவில்லை. வியாக்கியானச் சக்கரவர்த்தி என்று போற்றப்படும் பெரியவாச்சான் பிள்ளை இந்த 143 பாசுரங்களுக்கும் உரை செய்தார். அதற்கும் முன்னதாக ராமாநுஜரின் கதை இருக்கிறது. திருப்பாவையில் கொண்ட ஈடுபாட்டால் ‘திருப்பாவை ஜீயர்’ என்றே பெயர் பெற்ற அந்த மகான், நாச்சியார் திருமொழியின் ஒன்பதாம் திருமொழியில், திருமாலிருஞ்சோலை அழகருக்கு நூறு தடா வெண்ணெயும் நூறு தடா அக்காரவடிசிலும் சமர்ப்பிப்பதாகக் கோதை நேர்ந்துகொண்டதைப் படித்து, அந்தப் பிரார்த்தனையைத் தாமே நிறைவேற்றிவிட்டு ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வந்தபோது, ஆண்டாள் அவரை ‘அண்ணா’ என்று எதிர்கொண்டாள் என்பது சம்பிரதாயம். ‘கோயில் அண்ணன்’ என்ற திருநாமம் அவருக்கு அதனால் வந்தது. தங்கையின் முதற்பாட்டைப் பாடினவராக மட்டும் நின்றுவிடாமல், இரண்டாம் பாட்டில் அவள் வைத்த கடனைத் தீர்த்தவரையே அண்ணன் என்று அழைத்தார்கள் என்பதில் எவ்வளவு ஆழமான பரிவு இருக்கிறது!

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து மேற்குத்தொடர்ச்சி மலையை வலப்புறத்தில் வைத்துக்கொண்டு தெற்கே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் போனால் இராஜபாளையம். தெலுங்கைத் தாய்மொழியாகக் கொண்ட ராஜுக்கள் வாழும் அவ்வூரை நினைக்கும்போது, கோதையின் சரிதத்தைத் தெலுங்கில் ‘ஆமுக்தமால்யத’ என்ற பெருங்காவியமாகச் செய்த கிருஷ்ணதேவராயரும் நினைவுக்கு வருகிறார். விஜயநகரத்துச் சக்கரவர்த்தியான அவரும் தயங்காமல் கோதையின் விரகத்தை விஸ்தாரமாகவே வருணித்தார்; தெலுங்கர்கள் அந்தக் காவியத்தைத் தங்கள் பஞ்சமகாகாவியங்களுள் ஒன்றாக வைத்துப் போற்றுகிறார்கள்.

அதே இராஜபாளையத்தில்தான் 2018 ஜனவரி 7ஆம் தேதி, தினமணி ஏற்பாடு செய்த கூட்டத்தில் கவிஞர் வைரமுத்து ‘தமிழை ஆண்டாள்’ என்ற கட்டுரையை வாசித்தார். ஆண்டாளின் தமிழைப் புகழ்ந்து எழுதப்பட்ட அக்கட்டுரையில், அவளுடைய வாழ்க்கையைப் பற்றி ஓர் ஆய்வு நூலிலிருந்து அவர் எடுத்துக்காட்டிய ஒரு வாசகம் பக்தர்களின் மனத்தைப் புண்படுத்தியது. தமிழ்நாடெங்கும் கண்டனங்கள் எழுந்தன. ஸ்ரீவில்லிபுத்தூர் ஜீயர் உண்ணாவிரதம் இருந்தார். கவிஞர் வருத்தம் தெரிவித்தார். அந்த வேதனை மெய்யானது. தாயாகவும் மகளாகவும் தாங்கள் பாராட்டுகிறவளைப் பற்றி அந்நியர் எழுதிய சொல் சுடாமல் இருக்குமா? ஆனாலும் அத்தனை நாட்கள் நடந்த வாதத்தில் அவள் யாராக இருந்தாள் என்பதைப் பற்றியே பேச்சு இருந்ததேயொழிய, அவள் என்ன பாடினாள் என்பதைப் பற்றி மிகக் குறைவாகவே பேசினோம். 143 பாசுரங்களும் அப்போதும் மூடிய புத்தகத்திலேயே இருந்தன என்பது என் ஆற்றாமை.

தன் பாட்டைப் பற்றி எழும் கருத்து வேற்றுமையைக் கோதை அறியாதவள் என்றும் சொல்வதற்கில்லை. பன்னிரண்டாம் திருமொழியைத் தன்னிலிருந்து வேறுபட்டு நிற்கும் உறவினரை விளித்தே தொடங்குகிறாள். உங்களுக்கும் எனக்கும் பேச்சு எட்டாது. நீங்கள் சொல்வது என் செவியில் ஏறாது. ஆகையால் என்னை மதுரைப்புறத்திலும் யமுனைக் கரையிலும் கொண்டுபோய் விட்டுவிடுங்கள் என்கிறாள். தன் பாட்டைக் கேட்டு முகம் சுளிக்கப்போகிறவர்களையும் பாட்டுக்குள்ளேயே நிறுத்திக்கொண்ட கவி அவள்.

இவ்வளவு தனிமைக்குப் பிறகு பதினான்காம் திருமொழி வருகிறது. அதில் ஒன்பது பாசுரங்கள் கேள்வியும் விடையுமாக அமைந்திருக்கின்றன: கண்ணனை எங்கேனும் பார்த்தீர்களா என்று ஒரு குரல் கேட்க, விருந்தாவனத்தில் பார்த்தோம் என்று மறுகுரல் விடை சொல்கிறது. விடை சொல்கிறவர்கள் ‘கண்டோமே’ என்று பன்மையிலே பேசுகிறார்கள். மார்கழியில் வீடு வீடாக எழுப்பிக் கூட்டிக்கொண்டு போன தோழிகள், குயிலும் மேகமுமே துணையாக நின்ற காலமெல்லாம் காணாமற்போயிருந்தவர்கள், கடைசியில் திரும்பி வந்துவிட்டார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது. தை மாதத்து ஒரு காலைப்பொழுதில், திருப்பாவை பாடிய அதே பெண்கள் மாடவீதியில் இரண்டு கோஷ்டியாகப் பிரிந்து நின்று, ஒரு வரிசை கேட்க, எதிர்வரிசை விடை சொல்லிக்கொண்டு நடக்கும் நாளை எண்ணி எண்ணி ஆசைப்படுகிறேன்.