வரலட்சுமி விரதமும் மளிகைக் கடையின் பொறுப்பும்

வரலட்சுமி விரதத்துக்கு முந்திய புதனும் வியாழனும் மேற்கு மாம்பலத்தில் கடை வைத்திருப்பவர்களுக்குச் சாப்பிட நேரம் இராது. ஆரியகவுடா சாலையில் தாழம்பூவும் மாவிலையும் வந்து இறங்கும். மளிகைக் கடையிலோ பச்சரிசி, வெல்லம், மஞ்சள், குங்குமம், காதோலை கருகமணி என்று நீண்ட சீட்டுடன் தாய்மார்கள் வரிசையில் நிற்பார்கள்.

இந்த நோன்பு பௌர்ணமிக்கு முந்திய வெள்ளியன்று வருவதால் தேதி ஆண்டுதோறும் மாறும். 2023-இல் ஆகஸ்டு 25, ஆவணியில் வந்தது. 2024-இல் ஆகஸ்டு 16, 2025-இல் ஆகஸ்டு 8. இரண்டும் ஆடியிலேயே வந்துவிட்டன. சென்ற ஆண்டுத் தேதியை மனத்தில் வைத்துச் சரக்குப் பிடிப்பவர் ஏமாந்து போவார். பஞ்சாங்கத்தைப் பார்த்து, பத்து நாள் முன்பே கொள்முதலை முடிப்பது நலம்.

வியாழன் மாலை அம்மனை அழைப்பார்கள். கலசத்தில் பச்சரிசியோ நீரோ நிரப்பி, மாவிலை செருகி, மஞ்சள் பூசிய தேங்காயை வைத்து, அம்மன் முகம் சார்த்துவார்கள். வெள்ளியன்று பூஜை, கொழுக்கட்டை, வடை, பாயசம் நைவேத்தியம். ஒன்பது முடிச்சிட்ட நோன்புச் சரடு வலக்கையில் ஏறும். வந்தவர்களுக்குத் தாம்பூலம். மறுநாள் புனர்பூஜை. பிறகு கலசத்து அரிசியையும் தேங்காயையும் பல வீடுகளில் பாயசத்துக்கு எடுத்துக்கொள்வார்கள்.

வணிகர்கள் கவனிக்க வேண்டிய இடம் இதுதான். "பூஜைக்குத்தானே" என்று மட்டமான பச்சரிசியை அளந்து கொடுத்தால், அது அந்த வீட்டுக் குழந்தையின் வயிற்றுக்குத்தான் போகிறது. பூசுகிற மஞ்சளையும் சமையல் மஞ்சளையும் ஒரே தட்டில் வைத்து விற்கக் கூடாது. நிறத்துக்காக லெட் குரோமேட் கலந்த மஞ்சள் தூள் உடலில் ஈயத்தைச் சேர்க்கும். ரசீது தராத இடத்தில் மலிவாகக் கிடைக்கிறதென்று வாங்காதீர்கள். விளக்கெண்ணெய்ப் பொட்டலத்தில் 'உண்பதற்கல்ல' என்று அச்சிட்டிருந்தால், அதைச் சமையல் எண்ணெய் அடுக்கில் வைக்காதீர்கள்.

எங்கள் கடையிலேயே நடந்ததைச் சொல்கிறேன். பாயசத்துக்குப் பச்சைக் கற்பூரம் கேட்ட ஒரு மாமிக்கு, கூட்ட அவசரத்தில் புதுப் பையன் ஆரத்திக் கற்பூரத்தை மடித்துக் கொடுத்துவிட்டான். வீட்டுக்குப் போய் மோந்து பார்த்தவர் திரும்பி வந்து, "என்னப்பா, பேரனுக்கும் இதைத்தானே ஊட்டியிருப்பேன்" என்றார். கோபித்திருந்தால்கூட மனம் ஆறியிருக்கும். அன்றிலிருந்து இரண்டுக்கும் தனித்தனி டப்பா, தனித்தனி அலமாரி. பெரிய எழுத்தில் பெயரும் எழுதி ஒட்டியிருக்கிறோம்.

தேங்காய் விஷயமும் அப்படியே. கலசத்துக்குக் குடுமி உள்ள, கீறல் இல்லாத காய் வேண்டும். தட்டிப் பார்த்து எடுக்கட்டும், முகம் சுளிக்காதீர்கள். அழுகிப்போனதென்று கொண்டுவந்தால் பேசாமல் மாற்றிக் கொடுங்கள். ஒரு காயின் விலையில் ஒரு குடும்பத்தின் ஆண்டுக் கணக்குப் போய்விடும்.

நம்மில் பலர் வீட்டிலும் அன்று கலசம் வைக்கிறார்கள். இருக்கிற செல்வத்துக்கு நன்றி சொல்லி, இனியும் வேண்டுமென்று கேட்கிற பூஜை அது. நமக்கு அந்தச் செல்வம் கல்லாவின் வழியாகத்தான் வருகிறது. ஆகவே வியாழன் காலை கடை திறந்ததும் தராசின் முத்திரையையும், தட்டு சுத்தமாக இருக்கிறதா என்பதையும் ஒரு முறை பார்த்துவிட்டு வியாபாரத்தைத் தொடங்குவோம்.